நாணய விளையாட்டுப் பேழையைப் புதுக்குதல்

மக்கள் தம் உழைப்புக்கென ஆக்கிய கருவிகளைப் பேணுவதிற் காட்டும் கருத்தைத் தம் விளையாட்டுக்கென ஆக்கியவற்றிற் காட்டுவது அரிது. பழைய நெசவுத்தறியும் நீராவி யந்திரமும் நூதனசாலைகளில் இடம்பெறுகின்றன. ஆயின், இளைஞர் காசிட்டு ஆடிய பொறியோ, அதனால் வரும் ஊதியம் குன்றியவுடன் பின்கட்டில் ஒதுக்கப்பட்டு, ஈரத்திற் கிடந்து, ஈற்றில் விறகும் பழைய இரும்புமாகப் பிரிந்துவிடுகின்றது. அங்ஙனம் ஒதுக்கப்பட்ட பொறியொன்றை இல்லத்திலே வைத்துப் புதுக்கும் முறையை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும். தச்சுவேலை, வர்ணவேலை, மின்னியல், கணினியறிவு ஆகிய நான்கும் ஒரே பேழையினுள் ஒன்றுகூடுதலின், கைத்தொழிலும் விஞ்ஞானமும் பயில விரும்பும் மாணவர்க்கு இதனினும் சிறந்த பயிற்சிக்களம் கிடைத்தல் அரிது.

இப்பணியை மேற்கொள்வோர் கருவியைக் கையிலெடுக்கு முன்னர் விடை காணவேண்டிய வினா ஒன்று உண்டு. எதனை மாற்றலாம், எதனை மாற்றலாகாது என்பதே அது. இவ்வினாவை எழுப்பாமல் வேலை தொடங்கியதனால் யான் அடைந்த இழப்பையும் உரிய இடத்திற் கூறுவேன்.

பொறியும் அதன் காலமும்

1972ஆம் ஆண்டில், அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்துச் சன்னிவேல் நகரில், மதுச்சாலை ஒன்றிலே ‘பொங்’ என்னும் பொறி பரீட்சார்த்தமாக வைக்கப்பட்டது. அட்டாரி நிறுவனத்தைச் சேர்ந்த அலன் அல்கோண் என்பார் அதனை அமைத்தவர். பொறி பழுதுற்றதென அழைப்பு வர, அவர் சென்று திறந்து பார்த்தார். பொறியிற் குறையேதும் இல்லை. காசுப்பெட்டி நிரம்பி வழிந்தமையே அது நின்றதற்குக் காரணமாயிற்று. ஒரு பெருந்தொழிலின் பிறப்பை அறிவித்த நிகழ்ச்சி அதுவாகும்.

1978இல் யப்பானிலே தைட்டோ நிறுவனம் ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ என்னும் ஆட்டத்தை வெளியிட்டது. அதன்பின், 1980இல், நம்கோ நிறுவனத்தைச் சேர்ந்த தோரு இவாத்தானி என்னும் இளைஞர் ‘பக்மான்’ ஆட்டத்தை ஆக்கினார். அக்காலத்து ஆட்டங்களிற் பல சுடுதலையும் அழித்தலையுமே பொருளாகக் கொண்டிருக்க, இவரோ உண்ணுதலைப் பொருளாகக் கொண்டார். மஞ்சள் வட்டமுகம் ஒன்று சிக்கலான வழிகளினூடே சென்று, 240 சிறு புள்ளிகளையும் 4 பெரும் புள்ளிகளையும் விழுங்குதல் வேண்டும். நான்கு ஆவிகள் அதனைத் துரத்தும். அமெரிக்காவில் இப்பொறியை ஆக்கி விற்கும் உரிமையைச் சிக்காகோ நகரை அடுத்திருந்த மிட்வே நிறுவனம் பெற்றது. ஏறக்குறைய ஓர் இலட்சம் பேழைகள் அந்நாட்டிற் பரவின. நியூயோர்க் நகரத்து நவீன கலை நூதனசாலை 2012இல் இவ்வாட்டத்தைத் தன் சேகரிப்பிற் சேர்த்துக்கொண்டது.

யான் ஐக்கிய அமெரிக்காவில் வசிக்கையில் ஏலத்திற் பெற்றதும் இப்பக்மான் பேழையே. ஆதலின் அதனையே உதாரணமாகக் கொண்டு விளக்குவேன்.

நின்ற நிலையில் ஆடுதற்கேற்ற இப்பேழை ஏறக்குறைய ஐந்தே முக்கால் அடி உயரமுடையது. மேலே ஒளிவீசும் பெயர்ப்பலகை, அதன்கீழ்ப் படத்திரை, மார்பளவில் இயக்குகோல் பொருந்திய கைப்பலகை, அதன்கீழ்க் காசுக்கதவு என்பன முன்புறத்தே அமைந்துள்ளன. உள்ளே, அடித்தளத்தில் நிலைமாற்றியும் உருகிகளும், பக்கச்சுவரிற் சுற்றுப்பலகையும், நடுவே கண்ணாடிப் படக்குழாயும் உள்ளன. ஆட்டத்தின் படம் அகலத்தினும் உயரம் மிக்கதாதலின் குழாய் பக்கவாட்டிற் சாய்த்துப் பூட்டப்பட்டிருக்கும்.

முதற்பணி: பதிவு செய்தல்

புதுக்குவோன் முதலிற் செய்யவேண்டியது ஒன்றையும் செய்யாதிருத்தல். பேழையை எப்புறமும் படம் பிடித்தல் வேண்டும். ஒவ்வொரு கம்பியும் எங்கிருந்து எங்குச் செல்கின்றதெனக் குறித்து, அதன் முனையிற் சிறு சீட்டுக் கட்டுதல் வேண்டும். கழற்றிய திருகாணிகளை இடப்பெயர் எழுதிய உறைகளிலிட்டு வைத்தல் வேண்டும். பக்கச்சித்திரத்தின் மீது மெல்லிய தாளை விரித்து எல்லைக்கோடுகளைப் படியெடுத்தல் வேண்டும். இவையெல்லாம் சோம்பல் தரும் வேலைகள். ஆயினும் இவற்றிற் கழியும் இரண்டு நாள்கள் பின்னர் இரண்டு மாதங்களை மிச்சப்படுத்தும்.

எனக்கு நேர்ந்த இழப்பை ஈண்டுக் கூறுதல் தகும். என் பேழையின் பின்கதவின் உட்புறத்திலே பென்சிலால் எழுதிய வரிகள் பல இருந்தன. நாணயப் பொறிகளைக் கடைகளில் வைத்து நடத்தியோர் பழுதுபார்த்த நாளையும் மாற்றிய உறுப்பையும் அங்ஙனம் குறித்துவைப்பது வழக்கம். யான் அதனை அழுக்கென எண்ணினேன். அரத்தாளால் நன்கு தேய்த்துக் கறுப்பு வர்ணம் பூசிய பின்னரே, அழித்தது இன்னதென உணர்ந்தேன். அப்பேழை எந்தெந்தக் கடையில் நின்றது, எவ்வுறுப்பு எத்தனை முறை பழுதுற்றது என்பனவற்றை இனி எவராலும் அறிய இயலாது. உடைந்த பலகையை மீளச் செய்யலாம். அழிந்த கையெழுத்தை மீளச் செய்ய இயலாது. மாற்றலாவது, மாற்றலாகாதது என்னும் வேறுபாட்டை எனக்குக் கற்பித்தது அக்கதவேயாகும்.

மரவேலை

மிகுதியும் கெட்டிருப்பது பேழையின் அடிப்பகுதியாகும். கடைத்தளத்தை நாடோறும் நீர்கொண்டு துடைத்தமையால், ஒட்டுப்பலகையும் மரத்தூட்பலகையும் நீரையுறிஞ்சி ஏடேடாகப் பிரிந்து வீங்கியிருக்கும். வீக்கம் சிறிதாயின், நன்கு உலரவிட்டு, ஏடுகளின் இடையே மரப்பசையைச் செலுத்தி, இருபுறமும் தட்டையான பலகை வைத்து, இறுக்கிகளால் ஒருநாள் முழுவதும் இறுக்கிவைத்தல் போதும். பலகைக்கும் பேழைக்கும் இடையே மெழுகுத்தாள் வைக்க மறத்தலாகாது. மறந்தால் அப்பலகையும் பேழையின் ஓருறுப்பாகிவிடும்.

மூலை முற்றாக உக்கிப்போயின், உக்கிய பகுதியை நேர்கோட்டில் அறுத்தெறிந்து, அதே தடிப்புள்ள புதுப்பலகையை ஒட்டி இணைத்தலே தக்க வழி. முழுப்பக்கத்தையும் மாற்றிவிடுதல் எளிதெனத் தோன்றும். ஆயின் அங்ஙனம் செய்தால் பக்கச்சித்திரம் முழுவதும் போய்விடும். நல்ல பல்லையும் பிடுங்கும் வைத்தியரை நாம் விரும்பமாட்டோமன்றோ? கெட்டதை மட்டும் நீக்குதலே புதுக்குதலின் இலக்கணமாகும்.

பலகைகளின் விளிம்பிலே பிளாஸ்ரிக் விளிம்புப்பட்டி ஒன்று ஓடும். குறுக்கே வெட்டிப் பார்த்தால், தட்டையான பட்டியின் நடுவிலிருந்து ஒரு நாக்கு நீண்டு நிற்றலைக் காணலாம். அந்நாக்குப் பலகை விளிம்பில் வெட்டிய காடியினுட் சென்று பற்றிக்கொள்ளும். இப்பட்டி இன்றும் விலைக்குக் கிடைக்கின்றது. கொட்டாப்புளியால் மெல்லத் தட்டிச் செலுத்துக. வளைவுகளில் நாக்கைச் சிறிது வெட்டிவிட்டாற் பட்டி மடிப்பின்றி வளையும்.

வர்ணம்

பக்மான் பேழையின் பக்கங்களிலுள்ள சித்திரம் ஒட்டிய தாளன்று. மஞ்சள் நிலத்தின்மேல் வெட்டுத்தகடுகளை வைத்து, ஒவ்வொரு நிறமாக வர்ணம் வீசித் தீட்டியதாகும். ஆதலின், படியெடுத்த எல்லைக்கோடுகளைக்கொண்டு வெட்டுத்தகடு செய்து, சிதைந்த இடங்களை மட்டும் மீளத் தீட்டுதல் கூடும். முதல் வர்ணத்தோடு புது வர்ணம் ஒத்திருக்கின்றதா என்பதைப் பகல் வெளிச்சத்திற் பார்த்தே துணிதல் வேண்டும்.

பல பேழைகள் முழுவதும் கறுப்பாகக் காணப்படும். ஆட்டத்தின் ஊதியம் குறைந்தபோது, உரிமையாளர் உள்ளிருந்த சுற்றுப்பலகையை நீக்கி வேறோர் ஆட்டத்தைப் புகுத்தி, பழைய சித்திரத்தின்மீது கறுப்பைப் பூசிவிடுவர். மேற்பூச்சைப் பொறுமையுடன் சிறிது சிறிதாகக் களைந்தால், அடியிலே முதற்சித்திரம் கெடாதிருத்தலும் உண்டு. ஆதலின், கறுப்பைக் கண்டவுடன் அரத்தாளைக் கையிலெடுத்தல் தவறாகும்.

மின்சாரமும் உயிராபத்தும்

இப்பகுதியை வாசிப்போர் ஊன்றி வாசித்தல் வேண்டும். படக்குழாய் ஒரு கதோட்டுக் கதிர்க் குழாயாகும். அதன் கண்ணாடியின் உட்புறத்தும் வெளிப்புறத்தும் மின்கடத்தும் பூச்சு இருத்தலின், குழாய் தானே ஒரு கொள்ளளவியாகத் தொழிற்படுகின்றது. ஏறக்குறைய 20,000 உவோற்று அழுத்தத்திற் சேர்ந்த ஏற்றம், பொறியை நிறுத்தி மின்தொடுப்பைக் கழற்றிய பின்னரும் அதில் நெடுநேரம் தங்கியிருத்தல் கூடும். ஆதலின், மின்னைத் துண்டித்த பின்னர், நல்ல காவலிட்ட பிடியுள்ள திருப்புளியின் அலகில் ஒரு கம்பியைக் கட்டி, அக்கம்பியின் மறுமுனையைக் குழாயைச் சுற்றியுள்ள புவித்தொடுப்பு வலையிற் பூட்டி, பின்னரே அலகைக் குழாயின் பக்கத்திலுள்ள இறப்பர் மூடியின் கீழ்ச் செலுத்தி ஏற்றத்தை இறக்குதல் வேண்டும். ஒரு கையை முதுகின்பின் வைத்துக்கொண்டு மறுகையால் மட்டும் இதனைச் செய்க. சிறிது நேரத்தின்பின் ஏற்றம் மீண்டும் தலைகாட்டுதல் உண்டாதலின், இரண்டாம் முறையும் இறக்குக. குழாயின் கழுத்து மிக மெல்லியது. அதில் அடிபட்டாற் குழாய் அக்கணமே பாழாகும். மாணவர் எவரும் அனுபவமுள்ள ஒருவர் அருகில் இல்லாமல் இதனைத் தொடுதலாகாது.

படப்பகுதியில் முதலிற் கெடுவன மின்பகுபொருள் நிரம்பிய சிறு கொள்ளளவிகளாம். காலம் செல்ல அவை உள்ளே உலர்ந்துவிடும். அப்போது படம் நெளியும், சுருங்கும், அல்லது ஓரத்தில் மடியும். அவற்றைத் தொகுதியாகவே மாற்றிவிடுதல் நன்று. நேர்முனை எதிர்முனை மாறாவண்ணம், ஒன்றைக் கழற்றியவுடன் அவ்விடத்திலே புதியதை வைத்துப் பற்றாசு செய்க.

மாற்ற இயலாத குறையும் ஒன்றுண்டு. பக்மான் ஆட்டத்தில் நீலநிற வழிகள் எந்நேரமும் ஒரே இடத்தில் நிற்பன. ஆண்டுக்கணக்காக அங்ஙனம் நின்றமையால் அவ்வடிவம் குழாயின் ஒளிர்பூச்சிலே சுட்டுப் பதிந்துவிடும். பொறியை நிறுத்திய பின்னரும் கண்ணாடியில் அவ்வழிகள் சாம்பல் நிழலாய்த் தோன்றும். இதனைத் துடைத்து நீக்க வழியில்லை. வேறு குழாய் பொருத்தலாம். ஆனால் இத்தகைய குழாய்களைச் செய்த தொழிற்சாலைகள் மூடப்பட்டுவிட்டமையால், பழைய தொலைக்காட்சிப் பெட்டிகளில் ஒத்த குழாயைத் தேடவேண்டும். என் பேழையில் அந்நிழலை அவ்வாறே விட்டிருக்கின்றேன். எத்தனையோ பேர் ஆடியதன் சுவடன்றோ அது?

அமெரிக்கப் பொறிகள் 120 உவோற்றும் மீடிறன் 60உம் உடைய மின்சாரத்துக்கென அமைந்தவை. இலங்கையில் வழங்குவது 230 உவோற்றும் மீடிறன் 50உமாகும். ஆதலின் இங்கே கொணர்வோர் அழுத்தத்தைக் குறைக்கும் நிலைமாற்றியைத் தவறாது இடைவைத்தல் வேண்டும். பேழையினுள் படப்பகுதிக்கென இருக்கும் தனிப்படுத்து நிலைமாற்றியை மிகையெனக் கருதி நீக்கிவிடலாகாது. வீட்டு மின்சாரம் படப்பகுதியின் உலோகச் சட்டத்தை நேரே தொடாவண்ணம் காப்பது அதுவேயாகும்.

மூளையும் கையும்

பக்மான் சுற்றுப்பலகையின் மூளை ‘இசட்-80’ என்னும் சிலிக்கன் சில்லாகும். அது வினாடிக்கு ஏறக்குறைய 30 இலட்சம் துடிப்புடன் இயங்குவது. ஆட்டத்தின் செய்நிரல் முழுவதும் 16,384 பைற்றுள் அடங்கிவிட்டது. இக்கட்டுரையைக் கணினியிற் பதிந்துவைப்பதற்கு வேண்டும் இடம் அதனினும் மிகும் எனின், அதனை எழுதியோரின் சிக்கனத்தை என்னென்பது!

இப்பலகைக்கு ஏறக்குறைய 7 உவோற்று ஆடலோட்டம் வந்து சேரும். பலகை தானே அதனை நேரோட்டமாக்கி 5 உவோற்றுக்குச் சீர்ப்படுத்திக்கொள்ளும். அவ்வோட்டம் முழுவதும் பலகை விளிம்பிலுள்ள தொடுமுனைகளினூடே செல்லுதலின், அவை வெப்பமுற்றுக் கருகிப்போதல் இப்பொறிக்குப் பொதுவான நோயாகும். ஆட்டம் இடையிடையே நின்று தொடங்குமாயின், சில்லுகளைக் குறைகூறு முன்னர்த் தொடுமுனைகளைப் பார்க்க. கருகிய இணைப்பியைப் புதிதாக மாற்றி, பலகையின் முனைகளைச் சுத்திசெய்து மெல்லப் பற்றாசு பூசினால் பெரும்பாலும் நோய் தீரும். பின்னர்ப் பல்மானியால் 5 உவோற்றைச் சரிபார்த்து, பலகையிலமைந்த சுயசோதனையை இயக்கி நினைவகத்தின் நிலையை அறியலாம்.

இயக்குகோலைப் பற்றி ஒரு சொல். பக்மான் கோல் மேல், கீழ், இடம், வலம் என நான்கு திசைகளில் மட்டும் செல்வது. எண்டிசையும் செல்லும் புதுக்கோலை வைத்தால் ஆட்டம் மேம்படும் எனப் பலர் எண்ணுவர். மூலைத்திசையிற் கோல் சாயும்போது இரண்டு ஆளிகள் ஒருங்கே மூடுதலின், பக்மான் திரும்பவேண்டிய முனையிலே தடுமாறும். பழைய கோலின் தகட்டு ஆளிகளுக்கு வேண்டுவது, அவற்றிடையே தடித்த தாளொன்றைச் செருகி இழுத்துத் துடைத்தலேயன்றி மாற்றுதலன்று.

தன் விருப்பத்துக்கு மாற்றியமைத்தல்

இனி, உரிமையாளன் தன் விருப்பத்துக்கேற்ப மாற்றிக்கொள்ளுதல் முற்றும் தவறோ எனின், அன்று. இத்தொழிலின் வரலாற்றிலேயே மாற்றியமைத்தலுக்குச் சிறந்த இடம் உண்டு. 1981இல் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்திலே பல்கலைக்கழகப் படிப்பை இடைவிட்ட இளைஞர் சிலர், ‘ஜெனரல் கொம்பியூட்டர்’ என்னும் பெயருடன் கூடி, பிறர் ஆட்டப்பொறிகளிற் செருகி ஆட்டத்தை மாற்றும் உபபலகைகளைச் செய்து விற்றனர். அட்டாரி நிறுவனம் அவர்மீது வழக்குத் தொடுத்தது. வழக்கு இணக்கத்தில் முடிந்தது. மூல உரிமையாளரின் சம்மதமின்றி இத்தகைய பலகைகளை விற்பதில்லை என அவர்கள் உடன்பட்டனர். ஆதலின், பக்மானுக்கெனத் தாம் செய்த உபபலகையை மிட்வே நிறுவனத்திடமே கொண்டு சென்றனர். அதுவே 1982இல் ‘மிஸ் பக்மான்’ என வெளிவந்து, தாயாட்டத்தினும் மிகுதியாக விற்பனையாயிற்று.

அவ்வுபபலகையின் அமைப்பு நமக்கு ஒரு பாடமாகும். இசட்-80 சில்லை அதன் இருக்கையிலிருந்து எடுத்து உபபலகையில் வைத்து, உபபலகையை அவ்விருக்கையிற் செருகினர். அதனைக் கழற்றிச் சில்லைப் பழைய இடத்தில் வைத்தால், அடியிலிருந்த பக்மான் ஆட்டம் மீண்டும் எழும். பழையதை அழியாமலே புதியதைச் சேர்த்தனர். நாம் கைக்கொள்ள வேண்டிய நெறியும் இதுவே. பின்வருவோன் ஒருவன் திருகாணியைக் கழற்றிப் பழைய நிலைக்குக் கொண்டுவரக்கூடிய மாற்றம் எதனையும் தடையின்றிச் செய்யலாம். வாளும் அரத்தாளும் கொண்டு செய்யும் மாற்றத்தை நூறுமுறை எண்ணிச் செய்க.

இந்நெறிக்கு அடங்கிய மாற்றங்கள் பலவுள. சுற்றுப்பலகையிலுள்ள சிற்றாளிகளைத் திருப்பிக் காசின்றியே ஆடச் செய்யலாம். உயிர்களின் தொகையை ஐந்தாக உயர்த்தலாம். மின்னை நிறுத்தியவுடன் மறைந்துபோகும் உயர்ந்த புள்ளித்தொகையை நினைவில் வைக்கும் சிறு உபபலகையும் சில்லின் இருக்கையிற் செருகத்தக்கதே. பெயர்ப்பலகையின் பின்னுள்ள விளக்கை வெப்பம் குறைந்ததாக மாற்றுதல் அதன் சித்திரத்துக்கும் நன்மையாகும்.

செய்நிரலைத் திருத்துதலை யான் விரும்புவதில்லை. பக்மான் ஆட்டத்திலே 256ஆம் படியை எட்டியோர் திரையின் வலப்பாதி முழுவதும் எழுத்துக் குவியலாகச் சிதறுதலைக் காண்பர். படியின் எண்ணைக் காக்கும் இடம் ஒரு பைற்று மட்டுமே. அது 255இற்கு மேற் செல்ல இயலாமற் சுழியத்துக்குத் திரும்ப, பழங்களை வரையும் பகுதி கணக்குத் தவறித் திரையெங்கும் வரைந்துவிடுகின்றது. இப்பிழையை நீக்கிய செய்நிரல்களும் உள. ஆயின், சிறு நினைவகத்துள் நின்று பணிசெய்தோர் எங்கே எல்லையிட்டனர் என்பதை நமக்குக் காட்டுவது அப்பிழையேயன்றோ?

உள்ளுறுப்புகள் யாவும் பறிபோன வெற்றுப்பேழை கிடைப்பின் நிலைமை வேறு. அதிலே தட்டைத்திரையும் சிறு கணினியும் வைத்துப் புதுவாழ்வு அளித்தல் குற்றமன்று. பழைய பொறிகளின் தொழிற்பாட்டைக் கணினியில் அவ்வாறே நடித்துக்காட்டும் ‘மேம்’ என்னும் செய்நிரலை இத்தாலியராகிய நிக்கோலா சல்மோரியா 1997இல் வெளியிட்டார். பேழையே கிடையாத மாணவர், ஒட்டுப்பலகையைக் கொண்டு அதே அளவிற் புதுப்பேழை செய்தும் இதனைப் பயன்படுத்தலாம். ஆட்டங்களின் பதிப்புரிமை இன்னும் உரியவரிடமே இருத்தலை மட்டும் மறத்தலாகாது. நல்ல நிலையிலுள்ள பேழையின் குடலைப் பிடுங்கித் தட்டைத்திரை வைத்தலோ, ஓலைச்சுவடியின் எழுத்தைச் சுரண்டிவிட்டு அவ்வேட்டிற் புதுக்கணக்கு எழுதுவதை ஒக்கும்.

முடிவுரை

என் பேழை இன்று ஒளிர்கின்றது. அடிமூலை இரண்டும் புதுமரம். கொள்ளளவிகளும் இணைப்பியும் புதியவை. படக்குழாயும் சுற்றுப்பலகையும் இயக்குகோலும் பக்கச்சித்திரத்தின் பெரும்பகுதியும் பழையவை. அயல்வீட்டுச் சிறுவர் மாலையில் வந்து ஆடுகின்றனர். காசுப்பெட்டி வெறுமையாகவே இருக்கின்றது.

யான் கறுப்புப் பூசிய பின்கதவின் உட்புறத்திலே இப்போது ஒரு வெள்ளைத்தாள் ஒட்டியிருக்கின்றேன். அதிலே, மாற்றிய உறுப்புகளையும் மாற்றிய நாள்களையும் பென்சிலால் வரிசையாக எழுதி, அங்கிருந்த பழைய எழுத்து என்னால் அழிந்தது என்பதையும் குறித்துள்ளேன். தாளின் கீழ்ப்பாதியை, எனக்குப்பின் இப்பேழையைத் திறப்போர் எழுதுதற்கென விட்டிருக்கின்றேன். நம் கைக்கு வந்த பழம்பொருள் யாதாயினும் அதற்கு நாம் இடைக்காவலரே. இதனை உணர்ந்து கருவியைக் கையிலெடுக்கும் மாணவர் என் தவற்றைச் செய்யார் என்பது துணிபு.